செல்லப்பாக்கியத்தின் பிடியரிசி

5 செப்டம்பர் 1931, சனி

மழை இல்லை. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு எண்ணும் பெரட்டில் நூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். போன வருஷம் இதே நாளில் முந்நூறு. ரப்பர் விலை விழுந்ததால் தோட்டத்தில் இன்னும் மூன்று காட்டில் மரத்துப் பால்வெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார் துரை. அந்த ஆட்களின் பெயர்களைப் பேரேட்டில் கோடு போட்டு அடித்தது நான்தான். கோடுகள் நேராக விழுந்தன. பன்னிரண்டு வருஷமாகத் தோட்டக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவனுக்கு அதாவது வரவேண்டாமா?

அடிபட்ட பெயர்களில் அங்கம்மாவும் ஒன்று. புருஷன் ஐயாசாமி மீன்பிடி வேலை தேடி மெர்சிங் பக்கம் போனவன், இன்னும் தகவல் இல்லை. மூன்று பிள்ளைகளோடு லயத்து வீட்டில் இருக்கிறாள். ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "பேரு போயிருச்சுங்களா, கிராணி ஐயா?" என்று மட்டும் கேட்டாள். போய்விட்டது என்றேன். சரிங்க என்று போய்விட்டாள்.

15 செப்டம்பர்

என் முறையும் வந்தது. இன்று முதல் பாதிச் சம்பளம். அதுவும் மார்ச் வரைக்கும்தான் நிச்சயம், பிறகு லண்டன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால் தெரியும் என்கிறார் துரை. என் மனைவி செல்லப்பாக்கியத்துக்கும் மார்ச்சில்தான் பிள்ளை. இரண்டும் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன.

அவளிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்றாள். பாலோ டவுனில் சீனர் கடையில் அரிசிக் கடனுக்கு அவர் சொல்லி வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். சிரித்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

4 அக்டோபர், ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் வேதக்கோயிலுக்கு உபதேசியார் குளுவாங்கிலிருந்து ரயிலில் வந்து, பாலோவிலிருந்து நடந்து சேர்ந்தார். ஆராதனை முடிந்ததும் பிடியரிசி அளந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அம்மா காலத்திலிருந்து உள்ள வழக்கம் இது: உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனியாக வைப்பது. வேளைக்கு ஒரு பிடி, நாளுக்கு இரண்டு. எங்கள் வீட்டில் அது ஆயர் ஈத்தாமில் வாங்கிய மண் சாடியில் சேர்கிறது. பால்டின்னால் அளந்தால் மாதம் ஏழு டின் இருக்கும்.

முன்பெல்லாம் அந்த அரிசி ஊழியச் செலவுக்குப் போகும். இப்போது கோயில் கொட்டகையிலேயே கஞ்சி காய்ச்சி, வேலை போனவர்களுக்கு ஊற்றுகிறார்கள். எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று யாரையும் கேட்பதில்லை. அங்கம்மாவும் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். நல்ல காரியம். மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சாக்கு வற்றுவதைப் பார்க்கிறவன் நான் அல்லவா?

இனி கொஞ்ச நாளைக்குப் பிடியரிசியை நிறுத்து என்றேன். மாலையில் செல்லப்பாக்கியத்தின் கை பழையபடி சாடிக்குள் போய் வந்தது.

12 அக்டோபர்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. காலை ஐந்து மணி, பெரட்டுக்குக் கிளம்பும் நேரம். அவள் கிணற்றடியில் இருந்தாள். விளக்கு ஏற்றாமல் சாடியைத் திறந்து ஒரு பிடி அள்ளிச் சாக்கில் போட்டேன். மேலே இருந்த அரிசியைத் தட்டி மட்டமாக்கி மூடினேன்.

திருட்டு அல்ல. எங்கள் சாக்கிலிருந்து போனது எங்கள் சாக்குக்கே வருகிறது. ஆபீசில் இதற்குத் திருத்தம் என்று பெயர்.

13 அக்டோபர்

இன்றும்.

20 அக்டோபர்

தினமும் ஒரு பிடி. என் கை பெரியது. அவள் இரண்டு வேளையும் போடுவதை நான் ஒரே தடவையில் எடுத்துவிடுகிறேன். எடுத்தபின் மட்டமாக்க மறப்பதில்லை. ஓர் எழுத்து தவறினால்கூடச் சுரண்டி, கை நகத்தால் தேய்த்துத் தாளை வழவழப்பாக்கி, அதன்பிறகு எழுதுகிறவன் நான்.

செல்லப்பாக்கியத்துக்கு இந்தத் தடவை மசக்கை ஆசை விசித்திரமாக இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்ன வேண்டுமாம். ஆறு வயது மகள் யோகத்துக்கும் எனக்கும் சோறு போட்டுவிட்டு, அவள் அடுப்படியில் இருந்து கிழங்கு தின்கிறாள். ஐந்தாம் மாதத்திலும் மசக்கையா என்று கேலி செய்தேன். "ஆசைக்கு மாசக் கணக்கு இருக்கோ?" என்றாள்.

1 நவம்பர், ஞாயிறு

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கணக்குப்படி சாடியில் இரண்டு டின்தான் இருக்கவேண்டும். உபதேசியார் அளக்கும்போது எனக்கு வியர்த்துவிட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றுக்குப் போனார். நாலு. ஐந்து. ஆறு. ஏழு!

"கிராணி வீட்டுச் சாடி இந்தக் காலத்திலும் குறையவில்லை" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். செல்லப்பாக்கியம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

4 நவம்பர்

சாக்கும் நான் நினைத்த அளவு வற்றவில்லை. சாடியும் குறையவில்லை. இப்படியும் நடக்குமா? அற்புதங்களை நான் நம்பாதவன் அல்ல. ஆனால் அவை நம் வீட்டு அடுப்படியில், அதுவும் களவெடுக்கிறவன் கைக்கு அடியில் நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பயத்தில் இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பழைய பயம் பெரிதாகி மறுபடியும் எடுத்தேன்.

6 டிசம்பர், ஞாயிறு

மறுபடியும் ஏழு டின். ஓர் அரிசிமணி கூடக் குறைந்த மாதிரித் தெரியவில்லை.

23 டிசம்பர்

நான்கு நாளாக விடாத மழை. பாலோ ரோட்டில் இடுப்பளவு வெள்ளம். கடைக்கு வழியில்லை. இருக்கும் அரிசிதான். கிறிஸ்மஸ் பலகாரம் இல்லை என்று யோகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. செல்லப்பாக்கியம் கிழங்கைத் துருவி, கருப்பட்டி போட்டு, இலையில் அவித்துக் கொடுத்தாள். தோட்டத்தில் யாருமே இப்படிப் பலகாரம் தின்றிருக்க மாட்டார்கள் என்று பிள்ளை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

28 டிசம்பர்

எழுதினால் மனம் அடங்கும் என்று எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குச் செல்லப்பாக்கியம் கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டாள். துணி அலசிக்கொண்டிருந்த அங்கம்மாதான் தூக்கி வந்து படுக்க வைத்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்சர் சாம்பசிவம் வந்து பார்த்தார். அவள் காலை அமுக்கினார், விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. குழந்தைத் துடிப்பு இருக்கிறது, பயமில்லை, உடம்பில்தான் ஒன்றும் இல்லை என்றார். "என்ன சாப்பிடுறவா?" என்று என்னைக் கேட்டார்.

என்ன சொல்வேன்? நாங்கள் சாப்பிடுவதைத்தான் என்று தொடங்கினேன். பக்கத்தில் நின்ற யோகம் சொன்னாள்: "அம்மா சோறு சாப்பிடுறேல்லை. அம்மான்ர சோத்தரிசியைச் சாடிக்குள்ள போடுறவா. ஒரு பிடி இல்லை, ரெண்டு பிடி."

அப்ப அதுதான். அற்புதமும் இல்லை மண்ணும் இல்லை. நான் எடுக்க எடுக்க அவள் தன்ர வயித்தில இருந்து எடுத்துப் போட்டிருக்கிறாள். வயித்தில பிள்ளையோட! நான் கேலி வேற செய்தன். மசக்கையாம் மசக்கை. கர்த்தாவே, நான் என்ன மனுசன்?

29 டிசம்பர்

அங்கம்மா விடிந்ததும் வந்தாள். வாழை நாரில் கோத்த இரண்டு விரால்மீன், சேலை முந்தானையில் நாலு முட்டை, ஒரு கட்டு முருங்கைக்கீரை. வேண்டாம், உன் பிள்ளைகளுக்குக் கொடு என்றேன்.

"நீங்க பேசாம இருங்க ஐயா, இது அம்மாவுக்கு. எங்க ரோட்ட எல்லாம் முழுங்குன வெள்ளம், வாய்க்கால்ல மீனக் கொண்டாந்து விட்டுருக்கு. மூணு மாசமா அம்மா போட்ட அரிசிதானே எங்க வவுத்துல கெடக்கு?" என்று சொல்லி, நேரே அடுப்படிக்குப் போய் மீனை ஆய ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா போட்ட அரிசி என்றாள். என்னைச் சேர்த்துச் சொல்லாதது தற்செயல்தான். ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

30 டிசம்பர்

சொல்லிவிட்டேன். அவள் மீன்சாற்றோடு சோறு தின்று முடியும்வரை காத்திருந்து, பிறகு சொன்னேன். சாடியில் கை வைத்தவன் நான் என்று.

"தெரியும்" என்றாள்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"முதல் நாளே தெரியும். அரிசிக்கு மேல விரலால சிலுவைக் குறி போட்டுத்தான் நான் மூடுறனான். அண்டைக்குப் பின்னேரம் திறந்தால் குறியைக் காணேல்லை. நல்ல வடிவாத் தட்டி மட்டமாக்கிக் கிடந்தது. எலியெண்டால் மட்டமாக்காது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். மறைத்த அழகிலேயே அகப்பட்டிருக்கிறேன். என் சுத்தமான வேலை!

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கேட்டால் நீங்கள் கணக்குச் சொல்லுவியள். உங்கட கணக்குக்கு என்னட்டை மறுமொழி இல்லை. நீங்கள் ஆசையில எடுக்கேல்லை, பயத்தில எடுத்தனீங்கள். பயந்த ஆளோட சண்டை பிடிச்சு என்ன? பயம் போனால் நீங்களே வைப்பியள் எண்டு இருந்தன். ஆனால் என்ர பிடி ரெண்டு சேர்ந்தால்தான் உங்கட பிடி ஒண்டு. அதுதான் வேளைக்கு ரெண்டாப் போட்டனான்."

பயமே வரவில்லையா உனக்கு என்று கேட்டேன். வந்தது என்றாள். விழுந்த அன்று நிறைய வந்ததாம். "அதைத்தான் கர்த்தரிட்டைச் சொன்னனான். அடுத்த நாள் அங்கம்மா மீனோட வந்து நிக்கிறாள்."

இதற்கு மேல் என்ன கேட்பது? இவ்வளவு நாளும் இவளை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்து, வீட்டை நான்தான் காப்பாற்றுகிறேன் என்று நிமிர்ந்து நடந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த மனிதரில் இவளைப் போல் தைரியசாலி ஒருவரும் இல்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

31 டிசம்பர்

ஒரு நிபந்தனை போட்டேன். இனி மூன்று பேரும் ஒன்றாக இருந்து, ஒரே பானைச் சோறு. கிழங்கென்றால் மூன்று பேருக்கும் கிழங்கு. சரி என்றாள். பிடியரிசி வேளைக்கு ஒரு பிடி. அதற்கும் சரி என்றாள்.

17 ஜனவரி 1932

தினமும் சொல்லும் ஜெபத்தில் அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் கேட்கிறோம். பேச வந்த நாளிலிருந்து சொல்கிறேன். மாதத்துக்கு மொத்தமாகக் கேட்க அதில் இடமே இல்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

அவள் கால்வீக்கம் வடிந்திருக்கிறது. அங்கம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை கொண்டு வருகிறாள். கோழி யாருடையது என்று கேட்டால் சிரிக்கிறாள்.

7 பெப்ரவரி, ஞாயிறு

ஆறு டின். கிழங்கு அவித்த வேளைகளில் பிடி இல்லையே. செல்லப்பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் எடுக்கவில்லை என்று கண்ணால் சொன்னேன். தெரியும் என்று அவளும் கண்ணாலேயே சொன்னாள். பேச்சு மூச்சில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம், கோயிலில்.

அங்கம்மாவுக்கு ஐயாசாமியிடமிருந்து ஆள் வந்தது. மெர்சிங்கில் படகு வேலை கிடைத்திருக்கிறதாம். அடுத்த மாதம் போகிறாள்.

2 மார்ச்

லண்டன் கடிதம் வந்துவிட்டது. பாதிச் சம்பளத்தில் ஜூன் வரை வேலை உண்டு. அதற்குப் பிறகு தெரியாது. செப்டம்பரில் இதே செய்தி வந்திருந்தால் நான் படுக்கையில் விழுந்திருப்பேன். இன்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு, விறகு பிளந்தேன்.

9 மார்ச்

விடிய நாலரைக்கு ஆண்பிள்ளை. இருவரும் சுகம். அங்கம்மாதான் கூட இருந்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வேறு எழுத வரவில்லை.

13 மார்ச், ஞாயிறு

நேற்று அங்கம்மா மெர்சிங்குக்குப் போய்விட்டாள். இன்று முதல் அடுப்பு என் பொறுப்பு. செல்லப்பாக்கியம் உள்ளே பிள்ளையோடு படுத்திருந்தாள். அரிசி அளந்தேன், களைந்தேன். உலை கொதித்துவிட்டது. அரிசியைப் போடப் போகும்போதுதான் பிடியரிசி ஞாபகம் வந்தது. களைந்த அரிசியைச் சாடியில் போட்டால் புளித்துவிடும் என்று, சாக்குக்குப் போய் ஒரு பிடி அள்ளி வந்தேன்.

சாடியில் போட்டுப் பழக்கதோஷத்தில் தட்டி மட்டமாக்கினேன். பிறகு சுட்டுவிரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு, அதற்குக் குறுக்கே ஒரு கோடு. நேராகத்தான் விழுந்தன.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "இஞ்சாருங்கோ, பிடியரிசி வைச்சாச்சோ?"

"வைச்சாச்சு."

"எத்தினை?"

"ஒண்டு. இன்னொண்டு போடவோ எண்டு பாக்கிறன்."

"வேண்டாம். உங்கட கை பெரிசு."

மூடியை வைத்து, சாக்கைக் கட்டி, களைந்த அரிசியை உலையில் போட்டுவிட்டு, பிள்ளையைப் பார்க்க உள்ளே போனேன். சாக்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மறந்தே போனேன். திரும்பி வருவதற்குள் சோறு குழைந்துவிட்டது.