வலது தோள்

4 மார்ச் 1986, ஷ்லீரன்
சினிமாக்காரர் நான் வேலை செய்கிற ஹோட்டலில் வந்து இறங்கியிருக்கிறார்கள். சுவிஸுக்கு வந்த யாழ்ப்பாண அகதிப் பெண் ஒருத்தியின் கதையாம். சலவை அறையில் இஸ்திரிப்பெட்டியோடு நின்ற நான் கதவோரம் போய் எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூட நாடகத்தில் மூன்று வருடம் முதற்பரிசு வாங்கியவள் நான். என்னைக் கேட்பார்களோ?

5 மார்ச்
கேட்டார்கள். கதாநாயகிக்குச் சேலை உடுத்திவிட.
அவள் பெயர் தெயுரா. தாஹிட்டித் தீவுக்காரி. எங்கள் நிறம், எங்கள் தலைமயிர், அது போதுமாம். என் அகதி மனு இரண்டு வருடமாகக் கிடக்கிறது. அவளை ஒரே நாளில் அகதியாக்கிவிட்டார்கள்.

7 மார்ச்
லைட் சரிபார்க்க அவளுக்குப் பதிலாக என்னை நிறுத்துகிறார்கள். ஒரு மணித்தியாலம் அந்தச் சூட்டில் நின்றேன். அவள் வந்ததும் "நன்றி, நீங்கள் போகலாம்." பிறகுதான் கமரா ஓடியது.
வீட்டில் இவர் பேப்பரில் அவளுடைய படத்தைப் பார்த்துவிட்டு, "அச்சொட்டா எங்கட பெட்டையள் மாதிரி இருக்கிறாள்" என்கிறார். பக்கத்தில் நிற்கிற பெட்டை கண்ணுக்குத் தெரியவில்லை! சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். வேண்டுமென்றுதான்.

10 மார்ச்
இன்றுதான் சேலைக் காட்சிகள் தொடங்கின. செய்துவிட்டேன். முந்தானையை அவளுடைய வலது தோளில் போட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் எவள் அப்படி உடுப்பாள்?
"இப்படித்தானா?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன்.
எங்கள் சனம் படம் பார்க்கும். சிரிக்கும். சிரிக்கட்டும்.

13 மார்ச்
இன்றும் வலது தோள்தான்.

19 மார்ச்
தெயுரா எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். இருபது வருடமாக நடிக்கிறாளாம். மெக்சிக்கோக்காரி, அரபுக்காரி — தன் தீவுக்காரியாக மட்டும் ஒருமுறையும் இல்லை.
"எங்கள் தீவுக் கதை ஒன்றை எடுத்தார்கள். வெள்ளைக்காரிக்கு மண்ணிறம் பூசி நடிக்கவைத்தார்கள். அவளுக்கு ஆட்டம் பழக்கியவள் நான்."
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: "எரிச்சல் வரவில்லையா?"
"வெந்துபோனேன். ஆனால் சரியாகத்தான் பழக்கினேன். அது என் அம்மாவின் ஆட்டம்."
ஐயோ. நான் என்ன செய்துவைச்சிருக்கிறன்? அது என்ர அம்மா உடுத்த சீலையெல்லோ!

20 மார்ச்
இயக்குநரிடம் சொன்னேன்: தோள் மாறிவிட்டது, பிழை என்னுடையது. பத்து நாள் எடுத்தாயிற்று, இனி மாற்றினால் காட்சிகள் ஒட்டாது என்றார். "இங்கே யாருக்குத் தெரியப்போகிறது?"
பக்கத்தில் நின்ற தெயுரா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வலது தோளிலேயே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு லைட்டுக்குப் போனாள்.

28 மார்ச்
கடைசி நாள். தெயுரா என் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

8 பெப்ரவரி 1987
ஊஸ்டரில் படம் பார்த்தோம். கொட்டகை நிறைய எங்கள் சனம். புருஷன் செத்ததாகக் கடிதம் வந்து தெயுரா நிலத்தில் சரிகிறாள். என்னால் அப்படி நடித்திருக்க முடியாது. அப்போதும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த சிநேகிதி யோகாம்பாள் என் தொடையில் தட்டினாள்: "எந்த விசரியடி இவளுக்குச் சீலை உடுத்திவிட்டது?"
முடிவில் பெயர்கள் ஓடின. சேலை: தில்லைநாயகி பாலேந்திரன்.
இவர் எழும்பி நின்று கைதட்டினார். "என்ர மனிசி! அது என்ர மனிசி!"
கொட்டகை முழுதும் திரும்பிப் பார்த்தது.