அம்பாசமுத்திரம் தாலுகாவில் எத்தனை கிணறு?

11.9.99, சனி

முக்கூடல் கடைக்காரர் யூரியா மூட்டை நனைந்து வந்தது என்று சண்டை. நனைந்தது அவர் கடையில்தான். உரக் கம்பெனி பிரதிநிதி என்றால் மழைக்கும் நான்தான் பொறுப்பு போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் அம்மா, "நாளைக்கு அம்பாசமுத்திரத்துல பொண்ணு பாக்கணும். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருல" என்கிறாள். முப்பத்தொரு வயதில் இது வேறு எனக்குச் சொல்லித் தர வேண்டுமா?

12.9.99, ஞாயிறு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

பெண் பெயர் சுப்ரஜா. பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறாள். கேசரித் தட்டை நீட்டும்போது என் முகத்தை நேராகப் பார்த்தாள். நான்தான் கேசரியைப் பார்த்தேன். பிடித்துவிட்டது. வேறு என்ன எழுத? பிடித்துவிட்டது.

அவள் அப்பா நாறும்பூநாதன் புள்ளிவிவர ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைத் தலை எண்ணிவிட்டுத்தான் உள்ளே பார்த்துக் காபி சொன்னார். இந்தக் காலத்தில் யார் புள்ளிவிவரப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள் என்று அவர் வருத்தப்பட, நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "இப்ப எல்லாம் இன்டர்நெட்லயே வந்துட்டு. இருந்த எடத்துலயே எடுத்துரலாம்" என்றேன்.

"அப்படியா? நாங்க வெயில்ல வரப்பு வரப்பா நடந்துலா எடுத்தோம்" என்றார். "சரி, அம்பாசமுத்திரம் தாலுகாவுல பாசனக் கிணறு எத்தனைன்னு அதுல எடுத்துட்டு வாங்க தம்பி. புரட்டாசில பேச்சு வேண்டாம். ஐப்பசி ஒண்ணாந்தேதி வாங்க, மத்தத அப்ப பேசுவோம்."

கிணற்றுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டாள். "பையன் சொல்லுதது நெசமான்னு தெரியணும்லா" என்றார்.

நான் இன்டர்நெட்டைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. வாரப் பத்திரிகையில் படித்ததுதான்.

14.9.99, செவ்வாய்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் பலவேசம் கடை. எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ், மூலையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன்.

"ஆரும் போன் பேசலன்னா இது ஓடும் அண்ணாச்சி. பேச வந்துட்டா நின்னுரும். அவ்வளவுதான் சங்கதி" என்றான் பலவேசம்.

அவன் சொல்லி முடிக்கவில்லை, துபாயில் இருக்கும் மகனோடு பேச ஓர் அம்மா வந்துவிட்டாள்.

17.9.99, வெள்ளி

துபாய் அம்மா. மருமகளுக்கு வாந்தியாம். நல்ல சேதிதான், ஆனால் அதைச் சுருக்கமாகச் சொன்னால் என்ன?

20.9.99, திங்கள்

இன்று லைன் கிடைத்தது. கிணறு என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடினோம். அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறு எத்தனை என்று மாநில வாரியாகக் கொட்டியது. டெக்சாஸில் பெண் பார்த்திருந்தால் இந்நேரம் முகூர்த்தம் குறித்திருப்பேன்.

25.9.99, சனி

நம் அரசாங்கத்தின் புள்ளிவிவரப் பக்கம் ஒன்று அகப்பட்டது. அரசாங்க முத்திரை மேலிருந்து பைய இறங்கி வந்தது. "சிங்கம் வந்துட்டு அண்ணாச்சி, நம்ம கவருமெண்டுதான்" என்று பலவேசம் எழுந்தே நின்றான். சிங்கத்துக்குக் கழுத்து வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

28.9.99, செவ்வாய்

கடை வசூலுக்கு அம்பாசமுத்திரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் சுப்ரஜா. அவளாகவே பக்கத்தில் வந்தாள்.

"கெணறு கெடச்சுதா?"

"சிங்கம் வரைக்கும் வந்திருக்கு" என்றேன். சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியாது.

"எத்தனைன்னு அப்பாட்ட கேட்டு நானே சொல்லிரட்டுமா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். "வேண்டாம், நானே எடுக்கேன்" என்றேன். ரோசமாம் ரோசம்.

அவள் பஸ் ஏறும்போது சொன்னது: "அப்பா ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஒரு ஆளு வந்து ஒரு கணக்கு கேக்கல. இப்ப தெனமும் ஒங்களப் பத்தித்தான் பேச்சு, அந்தப் பையன் எங்கன தேடுதானோ, என்னத்தத் தேடுதானோன்னு."

5.10.99, செவ்வாய்

தாலுகாப் பட்டியல் வந்தது. அம்பாசமுத்திரத்தை அமுக்கினால் மணல் கடிகாரம் மட்டும் நிற்கிறது. பக்கத்தின் அடியில், கடைசியாகப் புதுப்பித்தது 95ஆம் வருஷம் என்று போட்டிருக்கிறது. எரிச்சலில் அங்கே கொடுத்திருந்த விலாசத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பக்கம் பழசாகக் கிடக்கிறது, உடனே சரி செய்யவும் என்று நான் எழுதினேன். "கல்யாண விசயம், அவசரம்" என்று கடைசியில் பலவேசம் சேர்த்துவிட்டான்.

18.10.99, திங்கள்

ஐப்பசி ஒன்று. கடைசி முயற்சியாகக் காலையிலேயே கடைக்கு ஓடினேன். ஆயுத பூசை என்பது அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டருக்கு மாலை, திரையில் மூன்று பட்டை விபூதி, மவுஸுக்குச் சந்தனம்.

"பூசையில வச்சாச்சு அண்ணாச்சி. நாளைக்குத்தான் எடுக்கணும்" என்றான். கெஞ்சினேன். பொரிகடலைதான் கிடைத்தது.

வெறுங்கையோடு அம்பாசமுத்திரம் போய் நாறும்பூநாதனிடம் நடந்ததைச் சொன்னேன். பொய் என்று நினைத்துவிடுவாரோ என்று மவுஸுக்கு வைத்த சந்தனம்வரை விடாமல் சொன்னேன். "பூசையில வச்சதத் தொடக்கூடாதுதான்" என்று உடனே ஒத்துக்கொண்டார். "நாளைக்கு நானே வாரேன். அந்தப் பொட்டிய நானும் பாக்கணும்."

போச்சு. அவர் கண் முன்னாலேயே மணல் கடிகாரம் நிற்கப்போகிறது.

19.10.99, செவ்வாய்

இதை எழுதியே ஆக வேண்டும்.

சந்தனம் உள்ளே இறங்கி மவுஸ் நகரவில்லை. பலவேசம் உருண்டையைக் கழற்றி ஊக்கால் சுரண்டினான். சுப்ரஜாவின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்லவேளை, விஜயதசமிக்குத் துபாய் அம்மா கோயிலுக்குப் போய்விட்டாள். அம்பாசமுத்திரத்தை அமுக்கினேன். வந்தது!

பாசனக் கிணறுகள் என்று தலைப்பு. கீழே எண் இல்லை. இந்த விவரத்துக்கு நேரில் அணுகவும் என்று போட்டு, ஓர் அதிகாரியின் பெயர். திரு. நாறும்பூநாதன்.

மனுஷர் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "இத ஒலகம் பூரா பாக்கலாமா?"

"டெக்சாஸ்லகூட பாக்கலாம்."

"ஒரு பிரிண்ட் போடச் சொல்லுங்க மாப்ள."

மாப்ள என்றார். நான் சரியாகத்தான் கேட்டேன், பலவேசத்திடமும் விசாரித்துவிட்டேன்.

பஸ் ஏற்றிவிடும்போது, "கெணறு எத்தனை மாமா?" என்றேன்.

"அதான் போட்டிருக்கே, நேர்ல வந்து என்னையக் கேக்கணும்னு. ஞாயித்துக்கெழம வாங்க, சொல்லுதேன்."

12.12.99, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாம்பூலப் பை ஒவ்வொன்றிலும் தேங்காய், வெற்றிலை, பாக்கு, அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் ஒன்று. மாமா யாரையும் கேட்கவில்லை.

20.12.99, திங்கள்

அரசாங்கத்திலிருந்து பதில். புகாருக்கு நன்றி, பக்கம் சரி செய்யப்பட்டது என்று. ஓடிப்போய்த் திறந்தேன். கிணற்று எண்ணிக்கை பளிச்சென்று இருக்கிறது. மாமா பெயரைக் காணோம்.

என் கையாலேயே தூக்கிவிட்டேன். பாவி, பாவி. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்து தன் பெயரைப் பார்த்துவிட்டுப் போகிற மனுஷரிடம் என்ன சொல்வேன்?

"பழச அன்னைக்கே இந்தப் பொட்டிக்குள்ள சேத்து வச்சிட்டேன் அண்ணாச்சி. அதத் தொறக்க லைனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றான் பலவேசம்.

சுப்ரஜாவிடம் சொன்னேன். "அதையே காட்டுங்க. அப்பாட்ட ஒண்ணும் சொல்லாதீய" என்றாள்.

26.12.99, ஞாயிறு

மாமா வந்தார். பலவேசம் பழையதைத் திறந்தான். சிங்கமும் பெயரும் கண் இமைக்கும் முன் வந்து நின்றன. "இப்ப கவருமெண்டு சுறுசுறுப்பாயிட்டு" என்றார் மாமா. சந்தோஷமாக இருந்தது. திருட்டுத்தனமாகவும் இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். பூத்துக்குள் துபாய் அம்மா. பிறக்கப்போகும் பேரனுக்கு இப்போதே பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கிற ஒரே லைன் அவள் கையில்.

மாமாவும் பார்த்தார். பூத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி பூத்தைப் பார்த்தார். பலவேசம் வெறும் மெஷினில் ஜெராக்ஸ் எடுக்க ஆரம்பித்தான். நான் கூரையில் பல்லி தேடினேன்.

"மாப்ள" என்றார் மாமா. "இன்னொரு பிரிண்ட் போடச் சொல்லுங்க. அந்த அம்மா பேசி முடிக்கதுக்குள்ள."