இப்பவே எடுங்க

மார்ச் 12
பாறைத் தீவுக்குப் போகிற படகைத் தவறவிட்டேன். நல்ல காய்ச்சல். ஆலா என்கிற கடற்பறவைகளின் காலில் வளையம் மாட்டும் வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

மார்ச் 16
நேற்று காய்ச்சல் விட்டது. நடக்க முடிந்ததால் இன்று ஆஸ்பத்திரி. போன தடவை பாறையில் கூடுகளைத் துழாவும்போது உண்ணி கடித்திருக்கும் என்றேன். டாக்டர் சிரித்தார். "ரத்தத்துல ஒண்ணுமில்லம்மா. நல்லா தூங்குங்க."

மார்ச் 22
திரும்ப வந்துவிட்டது. பல் தந்தியடிக்கிறது.

மார்ச் 26
காய்ச்சல் விட்டதும் மறுபடி போனேன். மறுபடி ஒன்றுமில்லையாம். ஆபீஸில் அதிகாரி வேறு: "வெயில்ல நிக்க முடியலன்னா சொல்லிடுங்க. பாறைக்கு வேற ஆளப் போட்டுட்டு உங்கள ஆபீஸ்லயே உக்கார வெக்கறேன்." வீட்டில் அக்கா அவரையும் மிஞ்சினாள். "நிழல்ல உக்காந்து எழுதற வேல கசக்குதா?"

கசக்குது! நான் என்ன நடிக்கிறேனா? நான் வளையம் போட்ட பறவைய எவனோ எண்ணுவானா? விட மாட்டேன்.

மார்ச் 27
இந்த நோட்டைப் புரட்டினேன். 12, பிறகு 22. பத்து நாள் இடைவெளி. இரண்டு தடவையும் காய்ச்சல் விட்ட பிறகுதான் ரத்தம் கொடுத்திருக்கிறேன் — மக்கு! கிருமி பெருகும்போதுதானே காய்ச்சல்? அது பதுங்கிய பிறகு தேடினால் எங்கே கிடைக்கும்?

அடுத்தது ஏப்ரல் ஒன்று. வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 1
நல்ல நாள் பார்த்து வந்தது. அக்கா படு என்றாள். வண்டியைக் கூப்பிடு என்றேன். போர்வையோடு போய் லேபில் உட்கார்ந்தேன்.

"காய்ச்சல் விடட்டும், நாளைக்கு வாங்க" என்றார் லேப் அம்மா.

"விட்டப்புறம் வந்துதான் ரெண்டு தடவ ஏமாந்தேன். இப்பவே எடுங்க. நகர மாட்டேன்."

எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். பிறகு என்னையும் பார்க்கவிட்டார்கள். சுருள் சுருளாகப் பாக்டீரியா. "உண்ணி குடுத்ததுதான்" என்றார் டாக்டர், இந்தத் தடவை சிரிக்காமல். நோய் இருக்கிறது என்றதும் இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 2
முதல் மாத்திரைக்கு உடம்பு தூக்கிப் போட்டது; கிருமி சாகும்போது அப்படித்தானாம். அக்கா காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 13
வரவேண்டிய நாள் தாண்டியும் காய்ச்சல் வரவில்லை. அதிகாரி என் விடுப்புத் தாளை நீட்டினார். 'சொந்த உடல்நலக் குறைவு' என்றிருந்தது. 'சொந்த' என்பதை அடித்துவிட்டு, 'பணியில் ஏற்பட்ட' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"என்னங்க இது?"

"அந்த உண்ணி எங்க வீட்ல இல்ல சார்."

ஏப்ரல் 20
பாறை. பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகி டேப் சுற்றிக்கொண்டுதான் இனி எல்லோரும் இறங்க வேண்டும். அதிகாரியே உத்தரவு போட்டிருக்கிறார். ஆலாக்கள் தலைக்குமேல் வந்து வாய்க்கு வந்தபடி திட்டின. நானும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே எண்ணினேன்.