‘சர்க்கரை இல்லாதது’ என்று ஒட்டிய டப்பா

அன்புள்ள சில்லுக்கு,

நீ அங்கே உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கே அப்பா நன்றாக இருக்கிறார், விரலில் கண்ணாடி கிழித்த காயம் ஒரு வழியாக மூடிவிட்டது, கட்டுப் பிரித்து நான்கு நாள் ஆகிறது, கடையில் பெரிய கண்ணாடிகளை மட்டும் இன்னும் வேலையாள்தான் வெட்டுகிறார், அப்பா பக்கத்தில் நின்று அவர் உயிரை வாங்குகிறார். அத்தையும் நலம். நானும் நலம் என்று எழுதலாம், ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதக் கூடாது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை திக்கினாலே நீ “பரவால்லம்மா, விடும்மா” என்று சொல்லிவிடுவாய், நானும் அதையே சாக்காக வைத்துத் தப்பித்துக்கொள்வேன். அதனால்தான் காகிதம்.

போன விடுமுறையில் அப்பாவின் சர்க்கரை வியாதிக்காக ஓட்ஸை ஓவனில் சுட்டுக் காட்டினாயே, இரண்டு கப் ஓட்ஸ், இரண்டு கப் பால், இரண்டு முட்டை, பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை பாதாம், மசித்த வாழைப்பழம் ஒன்று, எல்லாம் கலந்து தட்டில் ஊற்றி நாற்பது நிமிடம், ஆறியதும் ஒன்பது துண்டு, காலையில் ஒன்றே ஒன்று. கோடு போட்ட தாளில் எழுதி நீயே பிரிட்ஜில் ஒட்டிவிட்டும் போனாய். முதல் வாரம் நீ எழுதியபடியேதான் செய்தேன். அப்பா வாயில் வைத்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்றார், மட்டமான டிசைனைத் தேர்ந்தெடுக்கும் வாடிக்கையாளரிடம் சொல்வாரே, அதே குரலில். மூன்றாம் நாள் “ஏம்மா, அட்டைப் பெட்டியைப் பால்ல ஊற வெச்சியா?” என்று கேட்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் மறுபடியும் தெருமுனைக் கடைக்குப் போய் பன்னும் டீயுமாக ஆரம்பித்துவிடுவாரே என்ற பயம் வேறு. அடுத்த முறை இரண்டு வாழைப்பழம் போட்டேன், அதற்கடுத்து மூன்று, அதுவும் தோல் கறுத்துக் கனிந்தவை. பிறகு பேரீச்சம்பழம் பதினெட்டை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து ஊற்றினேன், மேலே தேன் தடவினேன். தட்டு பொன்னிறமாக வந்தது, வீடெல்லாம் வாசம். அப்பா இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு “இப்பதான் என் பொண்ணு பாஸ் ஆயிருக்கா” என்றார். இது அவள் சொன்னபடி இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் தட்டைக் காலி செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஒருநாள் அவருக்கே சந்தேகம் வந்து “இவ்ளோ இனிக்குதே, சர்க்கரை போட்டியா?” என்றார். “ஒரு கல்லு சர்க்கரைகூடப் போடல” என்றேன். அது நிஜம், சர்க்கரை டப்பாவை நான் திறக்கவே இல்லை. அதோடு விட்டிருக்கலாம். அவர் கடைக்கு எடுத்துப் போகும் டப்பாவில், நான் வேலை பார்க்கும் பள்ளி ஆய்வகத்தில் சீசாக்களுக்கு ஒட்டுவது போல ஒரு சீட்டு வெட்டி, ‘சர்க்கரை இல்லாதது’ என்று எழுதித் தேதியும் போட்டு ஒட்டினேன். அங்கே நான் ஒட்டிய சீட்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பெரிய டீச்சரே முகர்ந்துகூடப் பார்க்காமல் ஊற்றுவார். உன் அப்பாவுக்கும் அதே நம்பிக்கை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் டப்பாவைக் காட்டி “படிச்சவ செஞ்சது, பயமில்லாம சாப்பிடலாம்” என்று சொல்லி தினமும் நாலு துண்டு சாப்பிட்டிருக்கிறார். என் குடும்பத்திலும் அவர் குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் வேதியியலில். பழத்தில் இருப்பதும் சர்க்கரைதான் என்று எனக்குத் தெரியாதா? பேரீச்சம்பழத்தை அரைக்கும்போதே தெரியும். சர்க்கரை என்றால் வெள்ளையாக டப்பாவில் இருப்பது மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கேட்டுக்கொண்டதும் நானே.

விரல் காயம் மூன்று வாரமாக ஆறாமல் இருந்து டாக்டரம்மாவிடம் போனபோது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பதரைக்கு ஏறியிருந்தது உனக்குத் தெரியும். அந்த அறையில் நடந்தது உனக்குத் தெரியாது. “என்னதான் சாப்பிடறீங்க?” என்று அவர் கேட்டதும் அப்பா பெருமையாக டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து “இதுல சர்க்கரையே கிடையாது டாக்டர், எழுதியே ஒட்டியிருக்கு பாருங்க, என் பொண்ணு இந்தச் சாப்பாட்டுப் படிப்புதான் படிக்கிறா, அவ குடுத்த குறிப்பு” என்றார். டாக்டரம்மா ஒரு துளி கிள்ளி வாயில் போட்டுவிட்டு “பொண்ணை இன்னும் கொஞ்சம் கவனமா படிக்கச் சொல்லுங்க” என்றார். அத்தை என்னைப் பார்த்தார், அப்பா என்னைப் பார்த்தார். நான் எடை பார்க்கும் இயந்திரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புது மனிதர்கள் முன்னால் எனக்கு வாய் வராது என்று நீ கேலி செய்வாய், அன்றைக்கு வராதது கூச்சத்தால் மட்டும் இல்லை.

மருந்துக் கடை வாசலிலேயே அத்தை உனக்குப் போன் போட்டு “நீ படிச்ச லட்சணத்தை உன் அப்பன் விரல்ல வந்து பாருடி” என்று கத்தியபோதும் பக்கத்தில்தான் நின்றேன். அன்று மாலை நீ என்னைக் கூப்பிட்டு “அம்மா, நான் ஒரு வாழைப்பழம்னுதானே எழுதினேன்? மூணுன்னு எழுதிட்டேனா? கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா” என்றாய். சில்லு, உன் தாள் என் கண் முன்னால் இருந்தது. ‘ஒன்று’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு. “எங்கயோ வெச்சிட்டேன், தேடிப் பார்க்கிறேன்டா” என்றேன். நீயே “நான்தான் தப்பா எழுதியிருப்பேன்” என்றாய். அதற்கும் நான் ம் கொட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ, நோயாளிகளுக்கு உணவு சொல்லும் பயிற்சி வேண்டாம், கேன்டீன் பக்கம் மாற்றிக்கொள்ள விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், மாதக் கடைசியில் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாய், “சொந்த அப்பாவுக்கே சரியா சொல்லத் தெரியல, ஊரார் உயிரோட விளையாடவா” என்றாய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மறுநாள் காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். டீயை முழுவதும் குடித்துவிட்டு “என்கிட்ட எதுக்கு அழுவுற? கொழந்தைகிட்ட சொல்லு, அதுக்கு முன்னாடி அந்த டாக்டர்கிட்ட சொல்லு” என்றார்.

நேற்று தனியாகப் போனேன். எழுதிப் படித்துப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன. “குறிப்பு சரியாத்தான் இருந்தது டாக்டர், மாத்தினது நான், பதினெட்டுப் பேரீச்சம்பழம்” என்று உன் தாளை நீட்டினேன். அவர் படித்துவிட்டு “அதானே, பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கா. சரி, இனிமே இப்படியே செய்ங்க” என்று திருப்பிக் கொடுத்து அடுத்தவரைக் கூப்பிட்டார். முழுதாக அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்துக்குப் பயந்துகொண்டுதான் நான் உன்னை மூன்று வாரம் அழவிட்டிருக்கிறேன்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், உன் கையெழுத்தை நீயே பார். எனக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன், இந்த வாரம் அதன்படிதான் செய்கிறேன். அப்பா முகத்தைச் சுளிக்கிறார், சாப்பிடுகிறார். அத்தையிடமும் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, அது எனக்கு வேண்டியதுதான். உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன், கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய். கேன்டீன் வேலைதான் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாகப் போ, அதிலும் ஒரு குறைவும் இல்லை. ஆனால் என் பொய்யை நம்பிக்கொண்டு மட்டும் அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே. நீ எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், உன்னை நம்பி வருகிறவர்களுக்கு நீ சொல்லும் சொல் பலிக்கட்டும்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அன்றைக்கு வாய் திறக்காத உன் அம்மா