கண்ணாடி அலமாரியில் வெந்த வைஃபை பெட்டி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று, இனி திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி. போனில் திட்டினால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய்.

வைஃபை பெட்டி நின்றுபோயிற்று என்றதும் ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டாயா? தூக்கிப் போடுங்கப்பா, புதுசு அனுப்புறேன் என்றாய். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது பெட்டி. டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், திறந்து பார்த்துவிட்டு, இது கெட்டுப் போகல சார், வெந்து போச்சு என்றார். நீ எது அனுப்பினாலும் அம்மா கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவாள், தெரியும்தானே. இதற்கும் வெல்வெட்டில் உறை தைத்துப் போர்த்தி உள்ளே வைத்தாள். ஒயர் போவதற்கு அலமாரியின் முதுகில் ஓட்டை போட்டுக் கொடுத்த புத்திசாலி நான்தான். முப்பது வருடம் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி, சூடேறினால் நிறுத்தி ஆறவைத்தவன் நான், என் மேலும் எனக்குக் கோபம்தான். முதல் இரண்டும் இப்படித்தான் போயிருக்கும்.

அடாப்டரை மாற்றி, தூசியை ஊதித் துடைத்ததும் பெட்டி எழுந்துகொண்டது. இப்போது உறையில்லாமல், காற்றுப்படும்படி சுவரில் மாட்டியிருக்கிறேன். அதற்கு ஏதோ அப்டேட் செய்ய வேண்டுமாம், பாஸ்வேர்டு உன்னிடம் இருக்கிறது, மூன்று முறை கேட்டாயிற்று, உனக்கு நேரமில்லை. வெளியே போகும்போதாவது அணைத்து வைக்கலாம் என்றால் அம்மா விடுவதில்லை, அந்த நேரம் பார்த்துப் புள்ள வீடியோவில கூப்பிட்டா என்ன பண்றது என்கிறாள். காது போன பிறகு வாயசைவைப் பார்த்துத்தான் அவளுக்குப் பேச்சு புரிகிறது, வெறும் போன் அவளுக்கு எதற்கு? பெட்டி சரியாகிப் பதினெட்டு நாள் ஆகிறது, அன்றைக்கே உனக்குச் சொன்னேன். தினமும் காலையில் தலைவாரிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள், எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு பெட்டி வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புவேன். இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒற்றுமையாக நன்றாக இருங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடு, மறக்காதே. வெளிச்சத்தைப் பார்த்து உட்கார், மெதுவாகப் பேசு. போன தடவை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்க்காதே. நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் அம்மா அரைமணி நேரம் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

கோபம் ஆறாத,
உன் அப்பா