அந்த ஒரு குறிப்பு

தோஹா

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, பாட்டிலை அழகு பார்க்கிறீர்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

எங்கள் காரைக்கால் குறுக்கெழுத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூத்து. அங்கே விடையைப் போடக்கூடாது. திணறுபவரைப் போனில் கூப்பிட்டுச் சாடையாகச் சொல்லலாம், அவ்வளவுதான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மதிவாணன் வாராவாரம், "ஒரு குறிப்பு மட்டும் வரலைங்க, யாராச்சும் கூப்பிடுங்களேன்" என்று கெஞ்சுவார். நானே கூப்பிட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன். "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த ஞாயிறு டீ ஆறுவதற்குள் நான் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். மதிவாணன் வழக்கம்போலக் கெஞ்சினார். எங்கே திணறுகிறார் என்று காட்டப் படமும் போட்டார். அவசரத்தில் படம் மாறிவிட்டது. அதில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை!

யாராவது பேசமாட்டார்களா என்று இப்படியொரு நாடகம். "வெட்கமா இல்லையாங்க?" என்று குழுவிலேயே கேட்டேன். உடனே குழுவைவிட்டு வெளியேறிவிட்டார். தொலையட்டும். பேச ஆளில்லையென்றால் சுவரோடு பேசுவதுதானே?

அறைத்தோழி நௌஷின் ஊருக்கு வருகிறாள், இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் திரும்பும்போது இறால் பொடி கொடுத்துவிடுங்கள். அவளுக்கு டாக்சி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மறக்காமல் கூப்பிடுங்கள் உம்மா. இந்த வாரமும் எனக்கு ஒரு குறிப்பு மட்டும் வரவில்லை. போன வாரம் மாதிரிச் சட்டென்று விடையைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்
ஷஃபீனா