வாரேனுங்க

4.2.96, ஞாயிறு
மலைக்காற்று. அம்மா காதோடு மப்ளர் கட்டிவிட்டாள். மூளைக்காய்ச்சல் வார்டிலிருந்து வீடு திரும்பிப் பத்தொன்பது நாள்.

கஞ்சி. மாத்திரை. எம்.ஏ. புத்தகம் அரைப் பக்கம்: எழுத்துகள் இருக்கின்றன, வாக்கியம் இல்லை. தாடையை நெஞ்சில் தொட்டுப் பார்த்தல், பதினோரு முறை. டாக்டர் செய்த சோதனை. கழுத்து மடங்கினால் நல்லது. மடங்குகிறது. மறுபடி பார்க்கிறேன்.

5.2.96
எதிர்வீட்டு அத்தை. "ஏனுங்க்கா, பையன் இன்னும் பேயடிச்ச மாதிரியே உக்காந்திருக்கறான்? ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வெச்சுப்போடுங்க, தெளிஞ்சுருவான்." எனக்கும் சிரிப்பு வந்தது. எழுந்தவர், "வாரேன் கண்ணு" என்றார். டம்ளர் கை நழுவிவிட்டது.

கிளம்பும்போது இங்கே எல்லோரும் வாரேன்தான். தெரியும்.

6.2.96
தெருவில் துணி தேய்க்கும் வண்டி. சக்கரச் சத்தம். கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். எப்படிப் போனேன், தெரியாது.

எழுதிவிடுகிறேன். பக்கத்துக் கட்டில் சுப்பண்ணன். பொள்ளாச்சிப் பக்கம், கொப்பரை காயவைக்கும் களத்தில் வேலை. அதே காய்ச்சல். ஒருநாள் ஸ்ட்ரெச்சர் வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். தலையைத் திருப்பி, "வாரேனுங்க தம்பி." சரிங்க, வாங்க என்று சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. மறுநாள் சிஸ்டரிடம் கேட்டேன். "அவரு போயிட்டாருங்களே."

எங்கே என்று கேட்கவில்லை. ஊருக்குப் போனாலும் போயிட்டார். செத்தாலும் போயிட்டார். நான் பதில் சொல்லாததால்தான் – முட்டாள்தனம்.

தாடை. எண்ணவில்லை.

8.2.96
நாளை செக்கப். அதே வார்டு. வரமாட்டேன் என்றேன்.
"அப்பொ கட்டிலையே கட்டீட்டுக் குடும்பம் நடத்து சாமி" என்றாள் அம்மா. பிறகு சமையலறையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

9.2.96
போனோம். பினாயில் நெடி. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டரே இறங்கி வந்தார். "எளைச்சுப்போட்டீங்களே தம்பி."

கேட்டுவிட்டேன். சுப்பண்ணன் எங்கே போனார்?

"ஊட்டுக்குத்தானுங்க, வேறெங்க? வேற வார்டுக்கு மாத்தி, நாலு நாள்ல போயிட்டாரு. போன வாரங்கூட வந்திருந்தாரு. பக்கத்துப் பெட்டு தம்பி எங்கீங்கன்னாரு. அவரு போயிட்டாருங்களேன்னேன். மனுசன் துண்ட வாயில பொத்தீட்டு அழுதுபோட்டாரு. ஏன்னே தெரியலீங்க. அதுக்குள்ள டாக்டர் கூப்பிட்டுட்டாரு."

பஸ்ஸில் அம்மா ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு களத்தில் நான் செத்துப்போயிருக்கிறேன். ஒரு வாரமாக. சந்தோஷமா இது? தெரியவில்லை.

10.2.96
பொள்ளாச்சி பஸ்ஸில். எழுத்து ஆடுகிறது. சிஸ்டர் எழுதித் தந்த ஊர்ப் பெயர் சட்டைப் பையில்.

காலையில் வாசல். "தனியாவா போற?" செருப்பை மாட்டினேன். போறேன் என்றுதான் வாயில் வந்தது. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாரேம்மா."
"வா சாமி."

களத்தில் என்னைப் பார்த்ததும் சுப்பண்ணன் வாங்க என்பார். பயந்து ஓடாவிட்டால். நான் சொல்லாமல் விட்ட சொல். அவர் முந்திக்கொண்டால் நான் என்ன சொல்வது?

கிணத்துக்கடவு தாண்டிவிட்டது.